சிங்கப்பூர் – கோலாலம்பூர்: நேரடிப் பேருந்தா, ஜொகூரில் மாறிப் போவதா?

சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் விரைவுப் பேருந்துக்கு வேக வரம்பு மணிக்கு 90. ஓய்விடத்தில் கால் மணி நேரம் நின்றாலும் ஐந்து, ஐந்தரை மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணம். சீட்டு விற்கும் தளத்திலும் அப்படித்தான் போட்டிருக்கும். தீபாவளிக்கு முந்தின நாள் மாலை அதே பேருந்து 9 மணி நேரம் எடுத்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கூடுதலாகப் போன நேரத்தில் பெரும்பகுதியை நெடுஞ்சாலை தின்பதில்லை. 1 கிலோமீட்டர் சொச்ச நீளமுள்ள கடற்பாலமும் அதன் இரு முனைகளில் இருக்கும் இரண்டு குடிநுழைவுக் கூடங்களும்தான் தின்கின்றன.

அதனால் எந்தப் பேருந்தில் இருக்கை அகலம், எதில் சார்ஜர் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் வேறொன்றைப் பார்க்க வேண்டும். எல்லையில் யாருக்காக யார் காத்திருக்கப் போகிறார்கள்? நேரடிப் பேருந்தில் 40 பேர் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பார்கள். ஜொகூரில் மாறிப் போனால் உங்கள் வரிசை நகர்ந்ததும் நீங்கள் நகர்ந்துவிடலாம். சாதாரண நாளில் இந்த வேறுபாடு 10 நிமிடத்துக்குக்கூடப் பெறாது. நெரிசல் நாளில் இரண்டு மணி நேரம் பெறும்.

எல்லையில் நடப்பது

வடக்கே போகும்போது உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் எல்லாரும் இறங்க வேண்டும். பெரிய பெட்டிகளைப் பேருந்தின் அடியிலேயே விட்டுவிடலாம். மின்படியில் மேலே போய், கடப்பிதழ் சோதனை முடித்து, கீழே இறங்கினால் பேருந்து வந்து நிற்கும். ஏறி, பாலத்தைக் கடந்தால் ஜொகூர் பாருவில் சுல்தான் இஸ்கந்தர் கட்டடம். அங்கே மறுபடி எல்லாரும் இறங்க வேண்டும். இந்த முறை பெட்டி படுக்கை எல்லாம் கையோடு வர வேண்டும். குடிநுழைவு முடிந்ததும் சுங்கத்தின் ஸ்கேனரில் அவற்றைப் போட்டு எடுக்க வேண்டும். திரும்பி வரும்போது இது தலைகீழ்: மலேசியப் பக்கம் கடப்பிதழ் மட்டும், உட்லண்ட்ஸில் மூட்டை முடிச்சோடு.

தாமதம் நான்கு இடத்தில் சேர்கிறது. சோதனைச்சாவடிக்குப் போகும் சாலை, சிங்கப்பூர்க் கூடம், பாலமும் மலேசியக் கூடமும், பிறகு பேருந்து தன் ஆட்களுக்காக நிற்கும் நேரம். முதல் மூன்றும் எல்லாருக்கும் தெரியும். நான்காவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கூடத்தில் நடப்பதைப் பாருங்கள். ஓட்டுநர் 20 நிமிடம் என்று சொல்லி இறக்கிவிடுகிறார். சிங்கப்பூர்க் கடப்பிதழ்காரர்கள் தானியங்கி வாயில் வழியாக 5 நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். வேறு கடப்பிதழ்காரர்களில் சிலர் முகப்பு வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் ஒரு பாட்டியம்மா. வயதில் கைரேகை தேய்ந்துபோயிருக்கிறது. கருவி ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை விரலை ஏற்க மறுக்கிறது. அதிகாரி ஈரத்தாளால் விரலைத் துடைக்கச் சொல்கிறார். கீழே 39 பேர் இருக்கையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாட்டியம்மா மேல் தப்பில்லை, ஓட்டுநர் மேலும் தப்பில்லை. ஒரு வண்டி ஆட்களைச் சேர்த்துக் கட்டிய ஏற்பாட்டில் அது இருந்தே தீரும்.

ஆகவே நேரடிப் பேருந்துதான் என்று முடிவெடுத்தால், இருக்கை எண்ணிக்கை குறைந்ததாகப் பாருங்கள். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று போட்ட வண்டியில் 30 பேருக்குள்தான் இருப்பார்கள். இரண்டும் இரண்டுமாகப் போட்ட வண்டியில் 40க்கு மேல். கூடுதல் காசைச் சாய்வு இருக்கைக்கு என்று நினைத்துத்தான் பலர் கொடுக்கிறார்கள். எல்லையில் காத்திருக்க வேண்டிய தலைகள் குறைகின்றன என்பதற்காகக் கொடுத்தாலும் நியாயம்தான்.

நேரடிப் பேருந்து

கட்டணம் நாளையும் வண்டியையும் பொறுத்து 25 முதல் 60 சிங்கப்பூர் வெள்ளிக்குள் இருக்கும், பண்டிகை நெருங்கினால் இன்னும் ஏறும். மலேசியப் பேருந்துகள் கிளம்பும் இடமாக இருந்த கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 2023 மே மாதத்தில் காலியானதிலிருந்து எல்லாப் பேருந்தும் ஒரே இடத்தில் கிளம்புவதில்லை. பீச் ரோடு வட்டாரம், ஹார்பர்ஃபிரண்ட், பூன் லே என்று நிறுவனத்துக்கு ஓரிடம். சீட்டு வாங்கும் முன் ஏறும் இடத்தைப் பாருங்கள். ஜூரோங்கில் குடியிருப்பவர் பீச் ரோட்டுக்கு வந்து ஏறி மறுபடி மேற்கே போவது அரைநாள் வீண்.

இறங்கும் இடமும் அப்படித்தான். சில வண்டிகள் ஊருக்குத் தெற்கே பண்டார் தாசிக் செலத்தானில் இருக்கும் டிபிஎஸ் முனையத்துக்குப் போகும். சில வண்டிகள் பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேர் போல நகர நடுவில் இறக்கும். பெட்டி அதிகம், விடுதி புக்கிட் பிந்தாங் பக்கம் என்றால் நகர நடுவில் இறக்குவதே மேல். பத்துமலைக்கோ விமான நிலையத்துக்கோ போகிறவருக்கு டிபிஎஸ்தான் வசதி. அங்கிருந்து பத்துமலைக்கு கேடிஎம் கொம்யூட்டர் ரயிலில் ஒரே வண்டி. கேஎல்ஐஏ விமான நிலையத்துக்கும் அங்கேயே ரயில் உண்டு.

அடுத்து எந்தப் பாலம் என்ற கேள்வி. 1998ல் திறந்த துவாஸ் இரண்டாவது இணைப்பு வழியாகப் போகும் பேருந்துகளும் உண்டு. துவாஸில் கூட்டம் பொதுவாகக் குறைவு. ஏறிய கையோடு நெடுஞ்சாலையும் கிடைக்கும், ஜொகூர் பாரு நகர நெரிசலுக்குள் நுழைய வேண்டாம். மேற்கில் ஏறுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு துவாஸ் வண்டியை எடுக்கலாம். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. உட்லண்ட்ஸில் பேருந்தைத் தவறவிட்டால் சில நிமிடத்துக்கு ஒரு நகரப் பேருந்து வரும், பாலம் தாண்டியதும் ஜொகூர் பாரு ஊரே இருக்கிறது. துவாஸில் தவறவிட்டால் பேருந்துகள் குறைவு, எதிர்ப்பக்கம் இறங்கினால் சுற்றிலும் ஊர் கிடையாது. கடப்பிதழ் முகப்பில் நேரம் எடுக்கும் என்று தெரிந்தவர்கள் துவாஸ் வண்டியில் போனால், நடத்துநரிடமோ ஓட்டுநரிடமோ முதலிலேயே சொல்லி வையுங்கள்.

இன்னொன்று, நேரடி என்று விற்கப்படுவதெல்லாம் நேரடியல்ல. மலிவுச் சீட்டுகளில் சில, ஜொகூர் பாருவின் லார்கின் பேருந்து முனையத்தில் உங்களை இறக்கி வேறு வண்டியில் ஏற்றும். ஆட்கள் சேராத நாளில் இரண்டு நிறுவனங்களின் பயணிகளை ஒரே வண்டியில் அடைப்பதும் உண்டு. அப்படியென்றால் நேரடிப் பேருந்துக்கான காசைக் கொடுத்துவிட்டு மாறிப் போகும் அலைச்சலையும் படுகிறீர்கள். வாங்கும்போது "ஒரே வண்டியா, லார்கினில் மாற்றமா" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தி போதும்.

ஜொகூரில் மாறிப் போவது

சாதாரண நாளில் இது கொஞ்சம் மெதுவான வழிதான். அதை ஒளிக்க வேண்டியதில்லை. பூகிஸ் அருகே குவீன் ஸ்திரீட் முனையத்தில் 170ஆம் எண் பேருந்தோ ஜொகூர் பேருந்துகளில் ஒன்றோ எடுத்து, இரண்டு சோதனைச்சாவடியும் தாண்டி, லார்கின் சென்ட்ரல் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அங்கே அரை மணி நேரக் காத்திருப்பு. பிறகு டிபிஎஸ் வரை நாலரை மணி நேரம். மொத்தம் ஆறரை. நேரடிப் பேருந்தைவிட ஒரு மணி நேரம் கூடுதல். செலவு குறைவு: எல்லைப் பேருந்துக்கு 5 வெள்ளிக்குள், லார்கினிலிருந்து கோலாலம்பூருக்கு 35 முதல் 45 ரிங்கிட் வரை.

இதன் பலம் நெரிசல் நாளில்தான் தெரியும். 170, 160, 950 போன்ற பேருந்துகளில் உட்லண்ட்ஸில் இறங்கி, சோதனை முடித்து வந்ததும் அதே எண்ணில் அடுத்து வரும் எந்த வண்டியிலும் ஏறலாம். உங்கள் வண்டி போய்விட்டதே என்ற பதற்றமே இல்லை. பயண அட்டை என்றால் இறங்கும்போதும் ஏறும்போதும் தட்ட வேண்டும். காசு கொடுத்துச் சீட்டு வாங்கியிருந்தால் அந்தத் துண்டுத்தாளை ஜொகூர் போகும் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தனியார் எல்லைப் பேருந்துகளிலும் அதே நிறுவனத்தின் அடுத்த வண்டியில் ஏற சீட்டைக் கேட்பார்கள். அதைக் கசக்கிப் போட்டவர்கள் மறுபடி காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும்.

குவீன் ஸ்திரீட்டை விட கிராஞ்சி பெருவிரைவு ரயில் நிலையத்தில் ஏறுவது மேல். வெள்ளிக்கிழமை மாலை புக்கிட் தீமா பக்கத்து நெரிசலை ரயிலுக்கு அடியில் விட்டுவிடலாம். கிராஞ்சியில் வரிசை நீளமாகத் தெரியும், ஆனால் பேருந்துகள் அடுக்கடுக்காக வந்து வாரிக்கொண்டு போகும்.

பாலத்தில் வண்டி நகராமல் நிற்கும்போது கதவைத் திறக்கச் சொல்லி இறங்கி நடப்பவர்கள் உண்டு. பெட்டியும் குழந்தையுமாக அந்த விளிம்பில் நடக்காதீர்கள். மோட்டார் சைக்கிள்கள் சீறிக்கொண்டு போகும் இடம் அது.

சுல்தான் இஸ்கந்தர் கட்டடம் தாண்டியதும் இரண்டு வழி. கீழே பேருந்துத் தடத்துக்குப் போய் லார்கின் பேருந்தில் தொடரலாம். அல்லது நேரே நடைபாலம் வழியாக ஜேபி சென்ட்ரல் ரயில் நிலையத்துப் பக்கம் போய் கிராப் செயலியில் வாடகை வண்டி பிடிக்கலாம். லார்கின் அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். பேருந்துத் தடத்தில் கூட்டம் அலைமோதினால் கிராப் புத்திசாலித்தனம்.

லார்கினில் சிக்கல் ஒன்று காத்திருக்கும். பண்டிகை முந்தின நாள் கோலாலம்பூர்ச் சீட்டுகள் தீர்ந்திருக்கும். முன்பதிவு செய்யலாம் என்றால் எத்தனை மணி வண்டிக்குச் செய்வது? எல்லையில் ஒரு மணி நேரம் ஆகுமா மூன்று மணி நேரம் ஆகுமா என்று யாருக்கும் தெரியாது. எங்கள் கணக்கு இது: சாதாரண வார நாளில் முன்பதிவே வேண்டாம், போய் முகப்பில் வாங்கலாம். சனிக்கிழமை என்றால் வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்துக்கு 4 மணி நேரம் தள்ளி முன்பதிவு. நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள் என்றால் 5 மணி நேரம் தள்ளி. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் முகப்பில் முந்திய வண்டியில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். மாற்றித் தருவது அவர்கள் விருப்பம். சீட்டு வேண்டுமா என்று நடைபாதையில் கையைப் பிடிப்பவர்களிடம் மட்டும் வாங்காதீர்கள். எந்த வண்டி, எத்தனை மணி என்பதெல்லாம் காசு கைமாறிய பிறகு மாறும்.

ரயில்: இப்போது நிஜமான போட்டி

2025 டிசம்பர் வரை ஜொகூர் பாரு – கோலாலம்பூர் ரயிலை ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டியிருக்கவில்லை. வழியில் மாறி, மெதுவான டீசல் வண்டியில் பாதி நாள் போகும். இப்போது மின்சார இடிஎஸ் ரயில் ஜேபி சென்ட்ரலிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு ஏறத்தாழ நாலரை மணி நேரத்தில் போகிறது. கட்டணம் 80 ரிங்கிட் அளவில். பேருந்தைப் போல இரண்டு மடங்கு. ஆனால் நெடுஞ்சாலையில் சிரம்பானிலோ நீலாயிலோ விபத்து என்றால் ரயிலுக்கு ஒன்றுமில்லை. கழிவறை உண்டு. குழந்தை எழுந்து நடக்கலாம். கேஎல் சென்ட்ரல் நகர நடுவில் இருக்கிறது. ஜேபி சென்ட்ரல், சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தோடு கூரை போட்ட நடைபாலத்தால் இணைந்திருக்கிறது, ஆகவே லார்கின் போகும் அலைச்சலும் இல்லை.

இதன் பலவீனம், ரயில் உங்களுக்காக நிற்காது என்பதுதான். நாளுக்குச் சில வண்டிகள்தான், ஒன்றை விட்டால் அடுத்தது பல மணி நேரம் கழித்து. லார்கினில் வண்டியைத் தவறவிட்டவர் இன்னொரு 40 ரிங்கிட் கொடுத்து அடுத்ததில் ஏறிவிடுவார். இடிஎஸ் தவறவிட்டவருக்கு விடுமுறைக் காலத்தில் அன்றைக்கு இடமே கிடைக்காமல் போகலாம்.

அதைச் சரிக்கட்ட ஒரு வழி உண்டு: பாலத்தை ரயிலிலேயே தாண்டுவது. உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச்சாவடியிலிருந்து ஜேபி சென்ட்ரலுக்கு ஷட்டல் தெப்ராவ் 5 நிமிடத்தில் போய்விடும். இங்கிருந்து போக 5 வெள்ளி, அங்கிருந்து வர 5 ரிங்கிட். வடக்கே போகும்போது மலேசியக் குடிநுழைவும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும். பாலத்தில் கார்கள் எப்படி நின்றாலும் நமக்குக் கவலையில்லை. சீட்டுகள் 30 நாள் முன்னதாக விற்பனைக்கு வரும். வெள்ளி மாலை, சனிக் காலை, ஞாயிறு மாலை இடங்கள் அப்போதே பறந்துவிடும். கேடிஎம் செயலியில் கணக்குத் திறந்து, கடப்பிதழ் விவரம், பணப்பை எல்லாம் முன்பே நிரப்பி வைத்திருந்தால்தான் உண்டு. மார்சிலிங் அல்லது உட்லண்ட்ஸ் நிலையத்திலிருந்து பேருந்தில்தான் ரயில் சோதனைச்சாவடிக்குப் போக வேண்டும், வாசலில் ரயில் நிலையம் கிடையாது. வண்டி கிளம்புவதற்கு முன்னாலேயே வாயிலை மூடிவிடுவார்கள், 45 நிமிடம் முன்னால் போய் நில்லுங்கள்.

ஷட்டல் தெப்ராவ் சீட்டும் இடிஎஸ் சீட்டும் இரண்டும் கிடைத்துவிட்டால், விடுமுறை நாளில் இதைவிட நல்ல வழி இல்லை. ஷட்டல் கிடைக்காமல் இடிஎஸ் மட்டும் கிடைத்தால், எல்லைக்கு 3 மணி நேரம் ஒதுக்கிவிட்டு ஜேபி சென்ட்ரலில் சாப்பிட்டுக் காத்திருங்கள்.

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் நடுவே 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் 2027 ஜனவரிக்குள் ஓடத் தொடங்கும் என்பது இரு அரசுகளின் திட்டம். இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும் என்பதால், மாறிப் போவதில் இப்போதிருக்கும் நிச்சயமின்மை பெருமளவு குறையும். ஷட்டல் தெப்ராவ் அதன்பின் நிறுத்தப்படும்.

விமானம்? பறப்பது ஒரு மணி நேரம். சாங்கி போகிற நேரம், காத்திருப்பு, கேஎல்ஐஏவில் இறங்கி நகரம் வரும் நேரம் எல்லாம் சேர்த்தால் ஐந்து மணி நேரம் வந்துவிடும். சாதாரண நாளில் பேருந்துக்கும் அதே நேரம், காசு மட்டும் மூன்று மடங்கு. தீபாவளிக்கு முந்தின நாள் விமானம் கண்டிப்பாக வெல்லும், விலையைத் தாங்க முடிந்தால்.

எந்த நாள், எந்தத் திசை

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை நாளுக்குச் சுமார் 3 லட்சம் பேர் கடக்கிறார்கள். அதில் பெரும்பங்கு ஜொகூரில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள். ஆகவே வார நாள்களில் விடியற்காலை 4 முதல் 8 வரை தெற்கு நோக்கி அலை, மாலை 5க்குப் பிறகு வடக்கு நோக்கி அலை. கோலாலம்பூர் போகிறவர் வார நாளில் காலை 8 மணி வாக்கில் கிளம்பினால் அலைக்கு எதிரே போகிறார். இந்த ஒரு விஷயம் மட்டும் கைகூடினால் எந்த வழியில் போனாலும் வித்தியாசமில்லை, நேரடிப் பேருந்தே போதும்.

வெள்ளிக்கிழமை மாலை 5 முதல் இரவு 10 வரை கிளம்புவது மோசமான தேர்வு. வேலை முடிந்து போகிறவர்களும் வார இறுதிக்குப் போகிறவர்களும் ஒன்றாகச் சேர்கிறார்கள். வேறு வழியில்லை என்றால் இரவு 11 அல்லது 12 மணி வண்டியை எடுங்கள். பாலம் கொஞ்சம் தளர்ந்திருக்கும், சாலை காலியாக இருக்கும், விடிகாலை ஐந்து மணி வாக்கில் கோலாலம்பூர். உள்ளூர் ரயில் ஓட ஆரம்பிக்க ஆறு மணி ஆகும். டிபிஎஸ் இரவு முழுக்கத் திறந்திருப்பதால் அங்கே இறங்கினால் உட்கார இடமும் தேநீரும் உண்டு. நகர நடுவில் சாலையோரம் இறக்கிவிடும் வண்டி என்றால் அந்த ஒரு மணி நேரம் கொசுவோடுதான்.

ஜொகூர் மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் வார விடுமுறையை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாற்றிவிட்டது. முன்பு ஞாயிற்றுக்கிழமை ஜொகூர்க்காரர்களுக்கு வேலை நாள். இப்போது இரண்டு பக்கத்து விடுமுறையும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. பழைய பயணக் குறிப்புகளை நம்பி ஞாயிறு காலையில் காலியாக இருக்கும் என்று போகாதீர்கள்.

தைப்பூசம் ஒரு விசித்திரமான நாள். சிங்கப்பூரில் அது பொது விடுமுறை இல்லை. ஜொகூர், சிலாங்கூர், கோலாலம்பூர் எல்லாம் விடுமுறை. பத்துமலைக்குப் போகிற சிங்கப்பூர்க்காரர்கள் முந்தின இரவு கிளம்புவார்கள். அது சாதாரண வார நாள் மாலை நெரிசலாகத்தான் இருக்கும், விடுமுறை நெரிசல் அளவுக்குப் போகாது. அதே நேரம் ஜொகூர்க்காரர்கள் விடுமுறைக்குச் சிங்கப்பூர் வருவதால், மறுநாள் திரும்பும்போது தெற்கு நோக்கிய பக்கத்தில்தான் சிக்குவீர்கள்.

கிளம்பும் முன் ஒன்மோட்டரிங் தளத்தில் உட்லண்ட்ஸ், துவாஸ் சாலைக் கேமராப் படங்களைப் பாருங்கள். சிங்கப்பூரின் குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையம் தன் சமூக ஊடகப் பக்கங்களில் போடும் நெரிசல் அறிவிப்பையும் பாருங்கள். கேமராவில் தெரிவது கார் வரிசை. கார்கள் குறைவாகத் தெரிந்தாலும் பேருந்துப் பயணிகள் கூடம் நிரம்பி வழியலாம், மழை நாளில் குறிப்பாக.

திரும்பும் வழி

திரும்பும்போது சுங்கத்தில்தான் வண்டிகள் மாட்டும். சிங்கப்பூருக்குள் சிகரெட்டுக்கு வரிவிலக்கே கிடையாது, ஒரு பெட்டி என்றாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். மின்சிகரெட்டும் மெல்லும் கோந்தும் தடை. மலேசியாவிலிருந்து வரும் மதுவுக்கும் விலக்கு இல்லை. 48 மணி நேரத்துக்குள் திரும்பும் சிங்கப்பூர்வாசிக்கு, வாங்கிய பொருள்களில் 100 வெள்ளி மதிப்பு வரைக்கும்தான் பொருள் சேவை வரி விலக்கு. யாராவது ஒருவர் பையில் மின்சிகரெட் கிடைத்தால் அவர் ஓரமாக உட்கார வைக்கப்படுவார், அவரை விட்டுவிட்டுப் போகலாமா என்று ஓட்டுநர் முடிவெடுக்கும் வரை வண்டி நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரில் மதிய உணவை முடித்துக் கிளம்பினால் மாலை 6 மணிக்கு எல்லையில் இருப்பீர்கள், அதுதான் உச்சம். காலை 7 மணி வண்டி எடுத்தால் நண்பகலில் தாண்டிவிடலாம். காலையில் எழ முடியாது என்றால், நேரடிப் பேருந்துக்குப் பதில் லார்கின் வரையோ இடிஎஸ்ஸில் ஜேபி சென்ட்ரல் வரையோ சீட்டு எடுங்கள். எல்லையைத் தனியாகத் தாண்டினால் அடுத்து வரும் எந்த நகரப் பேருந்தும் உங்களுடையதுதான்.

கேஎல்ஐஏவிலிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ மலிவு விமானம் எடுக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். விமான நேரத்துக்கும் சிங்கப்பூரில் பேருந்து கிளம்பும் நேரத்துக்கும் நடுவே வார நாளில் 11 மணி நேரம் விடுங்கள். பண்டிகை வாரம் என்றால் முந்தின நாளே போய்த் தங்குங்கள். பேருந்துச் சீட்டில் மிச்சம் பிடித்த 30 வெள்ளி, தவறவிட்ட விமானத்துக்கு உறை போடக் காணாது.

தாளும் கைப்பேசியும்

மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டை 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம், வருவதற்கு முந்திய 3 நாளுக்குள் இலவசமாக நிரப்பலாம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு. சிங்கப்பூர் நிரந்தரவாசத்தோடு இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவருக்கு அந்த விலக்கு இல்லை. இதில்தான் பலர் ஏமாந்து, கூடத்தில் நின்றுகொண்டு கைப்பேசியில் நிரப்புகிறார்கள், வண்டி கீழே நிற்கிறது. இந்தியக் கடப்பிதழுக்கு 2026 டிசம்பர் 31 வரை மலேசியாவில் 30 நாள் விசா தேவையில்லை. திரும்பும்போது குறுகிய கால வருகையாளர்கள் சிங்கப்பூர் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். தரைவழி வரும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நீண்டகால அனுமதி வைத்திருப்பவர்களுக்கும் வேண்டாம். இந்தியாவிலிருந்து வந்த அப்பா அம்மாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால், அவர்களுடைய சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். ஒருமுறை நுழைவு என்றால் திரும்பி வர முடியாது.

மலேசிய முகப்பில் சோதனை முடித்தவர்கள், நகருமுன் முத்திரை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாமல் போய்விட்டால் மலேசியாவை விட்டு வெளியேறும் நாளில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

வண்டி போய்விட்டால்

எல்லையில் பேருந்திலிருந்து இறங்கும்போதெல்லாம் வண்டி எண் பலகையையும் வண்டியின் முன்பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறத்தில் ஒரே நிறுவனத்தின் நான்கு வண்டிகள் நிற்கும். ஓட்டுநரின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், சிங்கப்பூர் எண்ணா மலேசிய எண்ணா என்றும் கேளுங்கள். கடப்பிதழ், கைப்பேசி, பணம், மருந்து, அன்றைய சீட்டு எல்லாம் உடம்போடு இருக்க வேண்டும். பெரிய பெட்டியை உட்லண்ட்ஸில் வண்டியிலேயே விடலாம் என்று சொன்னாலும், நெரிசல் நாளில் கையோடு எடுத்துப் போவதே நல்லது. வண்டி போனாலும் பெட்டி போகாது.

இறங்கி வந்து பார்க்கும்போது வண்டி இல்லை என்றால், முதலில் 10 நிமிடம் அங்கேயே நில்லுங்கள். தடத்தில் இடமில்லாமல் ஒரு சுற்று சுற்றி வருவதும் நடக்கும். ஓட்டுநரை அழையுங்கள். நிஜமாகவே போய்விட்டது என்றால் அதே நிறுவனத்தின் அடுத்த வண்டியை நிறுத்திச் சீட்டைக் காட்டுங்கள், இடம் இருந்தால் ஏற்றிக்கொள்வார்கள். அரை மணி நேரத்தில் எதுவும் வரவில்லை என்றால் அந்தச் சீட்டை மறந்துவிடுங்கள். உட்லண்ட்ஸில் இருந்தால் 170 அல்லது 950, மலேசியப் பக்கம் இருந்தால் கிராப், லார்கினில் கோலாலம்பூருக்கு அடுத்த வண்டி. இதற்காகவே பையில் 100 ரிங்கிட் ரொக்கமாக வைத்திருங்கள்.